டேங்குக்குள் மூன்று வரிசைக் கொப்புளம்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுமலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதன் பிறகு பேனா பிடித்தது வருகைப் பதிவில் பெயர் எழுத மட்டும்தான். இந்த வலது கை இருபத்தாறு வருடம் ஸ்ப்ரே கன் பிடித்த கை. தோள்பட்டை தேய்ந்துபோய், இனிமேல் கையைத் தூக்கி வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் அடிக்கிற வேலையை விட்டுவிட்டு ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து மேலே ஏறும், கீழே இறங்கும். பிழையும் நிறைய இருக்கும். இன்ஜினியர் மேடம் இதைத் தட்டச்சுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தட்டச்சு செய்கிறவர் எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். நான் சொல்கிற விஷயத்தை மட்டும் அழகாக்க வேண்டாம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தபோது, மேடம் ஒரு பழைய ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். ஒரு ஆலையின் தண்ணீர் டேங்கில் நாம் உள்பக்கம் அடித்த பெயிண்ட் எட்டே மாதத்தில் கொப்புளித்துப்போன கதை அது. "இந்த வேலையில நேர்ல இருந்தவர் இங்கதான் இருக்கார், அவரையே கேளுங்க" என்று என்னைக் காட்டினார். உங்களில் டிப்ளமோ முடித்து வந்த ஒரு பெண் எழுந்து, "அண்ணே, பன்னிரண்டு பிளேட்ல பதினொண்ணுலதான் கொப்புளம் வந்துச்சுன்னு போட்டிருக்கு. அந்த ஒரு பிளேட்டு மட்டும் எப்படித் தப்பிச்சுச்சு?" என்று கேட்டது.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கும் எழுந்து நின்றேன், சட்டைப் பொத்தானைத் திருகினேன், உட்கார்ந்துவிட்டேன். மேடம்தான் எனக்காக, "அந்த பிளேட்டை மட்டும் நல்லா துடைச்சிருக்கலாம்" என்று சொன்னார். நீங்களும் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது எங்கள் ஆட்களில் மூன்று பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். சூப்பர்வைசர் ஒருவர். ஸ்ப்ரே அடிக்கிற நான். மூன்றாவது ஆள், பெயிண்ட் கலக்கிறவர். எல்லோரும் அவரை அண்ணன் என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அவருடைய அப்பா நூலுக்குச் சாயம் போட்டவர். சாயத்தில் ஒரு சிட்டிகை கூடினாலும் ஒரு சேலைக்கும் இன்னொரு சேலைக்கும் நிறம் ஒட்டாது என்பதை மூன்று வயதிலிருந்து பார்த்ததாகச் சொல்வார். எப்பாக்ஸி பெயிண்ட் இரண்டு டின்னாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய டின்னில் பெயிண்ட், சின்ன டின்னில் ஹார்டனர். இரண்டையும் சொன்ன அளவில், அதாவது சரியான ரேசியோவில் சேர்த்தால்தான் இறுகும். சேர்த்த பிறகு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அண்ணன் பெரிய டின்னையும் அதனுடைய சின்ன டின்னையும் கம்பியால் கட்டி ஜோடி ஜோடியாக வைத்திருப்பார். "புருஷன் பொண்டாட்டிய மாத்திப்புட்டா குடும்பம் நடக்காதுடா" என்பார்.

நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிறீர்களே, ஸ்டோர் வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கட்டி, அது கல் இல்லை. ஒருமுறை கலந்து முடித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கம்ப்ரசர் நின்றது. கரண்ட் வந்தபோது பெயிண்டுக்கு நேரம் முடிந்திருந்தது. "கொஞ்சம் தின்னர் ஊத்திக் கலக்குப்பா, அடிச்சிரலாம்" என்றார் சூப்பர்வைசர். அண்ணன் டிரம்மோடு அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் வைத்தார். மறுநாள் டிரம்மை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்த கட்டிதான் நீங்கள் உட்காருகிற ஆசனம். இதிலிருந்து அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

இனி அந்த டேங்க்.

திருமங்கலம் ரோட்டில் ஒரு ஆலை. பாய்லருக்குப் போகிற தண்ணீரை உப்பெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து சேர்த்து வைக்கிற பெரிய இரும்பு டேங்க். கீழ் வரிசையில் பன்னிரண்டு பிளேட்டை வளைத்து வெல்டு வைத்திருந்தார்கள். உள்பக்கம் முழுக்கக் கிரிட் என்கிற இரும்புப் பொடியைக் காற்று வேகத்தில் அடித்து, துருவெல்லாம் போக்கி இரும்பை வெள்ளையாக்கி, அன்றைக்கே பெயிண்ட் அடிக்க வேண்டும். ஐப்பசி பிறந்து விட்டால் காற்றில் ஈரம் வந்துவிடும். வெள்ளையாக்கின இரும்பு அந்த ஈரத்தில் மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிடும். அதனால் புரட்டாசியிலேயே முடிக்கப் பார்த்தோம். கிரிட் அடித்து முடித்த நாள் ஆயுத பூஜையாக வந்து வாய்த்தது.

லீவு எடுக்க முடியாது. ஆனால் ஆயுத பூஜை அன்றைக்குச் சாமான்களுக்குப் பொட்டு வைக்காமல் பெயிண்ட் வேலையைத் தொடங்கவும் யாருக்கும் மனசு வராது. கம்ப்ரசர், பிளாஸ்டிங் பாட், ஸ்ப்ரே கன், ஏணி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாம் வந்துவிட்டது. பொட்டு வைக்கிற வேலை எனக்கு. பேசத்தான் வராதே தவிர, பட்டை போடுவதில் என் கை நேராக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலையின் இன்ஜினியரும் வந்து நின்று சூடம் தொட்டுக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"ஏம்ப்பா, உங்க சாமானுக்கெல்லாம் போட்டீங்க. எங்க டேங்குக்குக் கிடையாதா?"

சூப்பர்வைசர் பதறிப்போய்விட்டார். "ஏப்பா, சார் சொல்றாருல்ல. உள்ள போய்ப் போட்டுட்டு வா. பெருசா போடு."

போனேன். கிரிட் அடித்த இரும்பை வெறும் கையால் தொடக்கூடாது, செருப்புக் காலோடு மிதிக்கக்கூடாது, சுத்தமான ஷூவும் கையுறையும் போட வேண்டும் என்று அப்போதே எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஷூவைக் கழற்றினேன். சாமி காரியத்துக்கு ஷூ போட்டுக்கொண்டா போவது? கையுறையையும் கழற்றினேன். கையுறை போட்டுக்கொண்டு யாராவது பட்டை போடுவார்களா? தட்டில் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் முதல் பிளேட்டில் நெஞ்சு உயரத்தில் ஒரு பட்டை இழுத்தேன். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். தள்ளி நின்று பார்த்தால் மற்ற பிளேட்டெல்லாம் மொட்டையாகத் தெரிந்தது. ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதை விடுவது எப்படி? பன்னிரண்டுக்கும் போட்டேன். வெள்ளி மாதிரி இருந்த அந்தச் சுவரில் பன்னிரண்டு பட்டையும் சுற்றிலும் நின்றது, கோயிலுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது.

அண்ணன் வெளியே கொட்டகையில் இருந்தார். அவர் உள்ளே வரவேயில்லை. அங்கேயிருந்து கத்தினார்.

"மாப்ள! கலந்தாச்சு! நேரம் ஓடுது! சாமி அம்புட்டுத்தான்னு சொல்லிட்டு வெளிய வா!"

பனியன் வேஸ்ட் துணியால் எல்லாப் பட்டையையும் அழுத்தித் துடைத்தேன். துடைத்த துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுவர் பழையபடி வெள்ளை. முகமூடியைப் போட்டேன், கன்னை எடுத்தேன், அடித்தேன்.

எட்டு மாதம் கழித்து ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். டேங்கைக் காலி செய்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே கொப்புளம்.

நாங்கள் போனபோது பெயிண்ட் கம்பெனி ஆள் ஒருவரும் வந்திருந்தார். எல்லோரும் ஆள் நுழைகிற ஓட்டை வழியாக ஒவ்வொருவராக உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். கொப்புளங்கள் அங்கங்கே, ஆனால் எல்லாம் ஒரே உயரத்தில், டேங்கைச் சுற்றி. பெயிண்ட் கம்பெனி ஆள் இரண்டு மூன்று கொப்புளத்துக்குப் பக்கத்தில் மட்டும் போய்ப் போட்டோ எடுத்தார். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"முத டின்னு ஒரு சுத்துக்குத்தான் வரும். அந்தச் சுத்து இந்த உயரம்தான். அந்த டின்னுல ரேசியோ தப்பிருச்சு. சரியாக் கலக்காத எடத்துல கொப்புளிச்சிருக்கு."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் கோபப்படவில்லை. இரண்டாவது பிளேட்டுக்குப் போனார். கொப்புளத்துக்குப் பக்கத்தில் பெயிண்டைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். "சார், இங்க வந்து அமுக்கிப் பாருங்க. ரேசியோ தப்புன்னா பெயிண்டு மெழுகு மாதிரி இருக்கும், நகம் உள்ள போகும். இது கல்லு மாதிரி இருக்கு." பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இந்த வட்டத்துக்குள்ள யாரு வேணாலும் அமுக்கிப் பாருங்க."

யாரும் அமுக்கிப் பார்க்கவில்லை. உள்ளே புழுக்கம். எல்லோரும் வெளியே வரத்தான் அவசரப்பட்டார்கள். நானும் அமுக்கவில்லை. அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். மெழுகாகிப்போன பெயிண்டை நான் என் கையாலேயே சுரண்டியிருக்கிறேன். அதைச் சொல்ல ஒரு வரி போதும். எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

அடுத்த வாரம் அண்ணனைக் கலக்கிற வேலையிலிருந்து எடுத்து, கிரிட் கூட்டி அள்ளுகிற வேலையில் போட்டார்கள். இரண்டு நாள் கூட்டினார். மூன்றாம் நாள் வரவில்லை.

டேங்கைச் சரி செய்ய வேண்டுமே, அதற்குக் கொப்புளங்களைச் சுரண்டி எடுக்கிற வேலைக்கு என்னைத்தான் தனியாக உள்ளே அனுப்பினார்கள். சுரண்டுகிறவன் விளக்கை முகத்துக்கு நேராகப் பிடிக்க மாட்டான். தரையில், சுவரோடு ஒட்டி வைப்பான். அப்போதுதான் வெளிச்சம் சுவரைச் சாய்வாக வருடிப் போகும், மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். டார்ச் அடித்தபோது தெரியாதது எனக்கு அப்போது தெரிந்தது.

முதல் பிளேட்டில் கொப்புளங்கள் கண்டபடி இல்லை. மூன்று வரிசை. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, படுக்கை வசத்தில். நடுவில் மட்டும் வட்டமாக ஒரு பெரிய கொப்புளம்.

கையுறையைக் கழற்றினேன். மூன்று விரலை அந்த மூன்று வரிசை மேல் வைத்தேன். அளவு எடுத்த மாதிரிப் பொருந்தியது.



இந்த இடத்தை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். நான் நல்லவன் மாதிரி உடனே வெளியே ஓடிப்போய் உண்மையைச் சொல்லவில்லை. சுரண்டியைக் கையில் எடுத்தேன். முதல் பிளேட்டில் இருந்த பட்டையை, கொப்புளம் கொப்புளமாக, அடியில் இருந்த இரும்பு தெரிகிற வரை சுரண்டினேன். கொஞ்ச நேர வேலைதான். சுரண்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். பட்டையும் இல்லை, பொட்டும் இல்லை. வெறுமனே சுரண்டிய ஒரு இடம். இன்னும் பதினொன்று. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். என்னைச் சுரண்டத்தானே அனுப்பினார்கள்? முடித்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. என்னை யாரும் திட்ட மாட்டார்கள், முக்கியமாக நான் யார் முன்னாலும் நின்று பேச வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே என்ற பயம்தான் எனக்கு அதிகம்.

விளக்கை நகர்த்திக்கொண்டு இரண்டாவது பிளேட்டுக்குப் போனேன். சுரண்டியை வைக்கப் போன இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சாக்பீஸ் வட்டம் இருந்தது. உள்ளே ஒரு நகக்குறிகூட இல்லை. நான் என் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். கல்லு மாதிரி இருந்தது. அந்த மனுஷன் போட்ட வட்டத்துக்குள் முதல் ஆளாக அமுக்கிப் பார்த்தது நான்தான், அதுவும் அவர் வேலையை விட்டுப் போன பிறகு.

சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆலையின் ஆபீஸ் அறையில் இன்ஜினியரும் பெயிண்ட் கம்பெனி ஆளும் எங்கள் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்றேன். உடம்பெல்லாம் பெயிண்ட் தூள்.

"என்னப்பா, முடிஞ்சுச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பெறகு என்ன? தண்ணி வேணுமா?"

"சார், ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்றேன். சொன்னது அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டேன். நின்றால் வார்த்தை தேட வேண்டியிருக்கும். என்னமோ ஏதோ என்று மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். ஆள் மயங்கிக் கிடக்கிறான் என்று நினைத்ததாகப் பின்னால் இன்ஜினியர் சொன்னார்.

உள்ளே டார்ச்சை அணைக்கச் சொன்னேன். விளக்கைத் தரையில் சுவரோடு வைத்தேன். பிறகு இரண்டாவது பிளேட்டில் என் மூன்று விரலை வைத்துக் காட்டினேன். மூன்றாவது பிளேட்டுக்குப் போனேன், வைத்தேன். நான்காவதுக்குப் போனேன், வைத்தேன். ஐந்தாவதில் இன்ஜினியர் "அய்யய்யோ" என்றார்.

"ஆயுத பூஜை" என்றார் அவரே.

"நாந்தான் சார் போட்டேன். துடைச்சுட்டுத்தான் சார் அடிச்சேன்."

பெயிண்ட் கம்பெனி ஆள் ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தினார். உள்ளே இருந்து தண்ணீர் வழிந்தது. அதை ஒரு சின்னக் காகிதப் பட்டையில் தொட்டார். காகிதம் நிறம் மாறியது. அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரைக்கும் இதுதான். திருநீறு சாம்பல். சாம்பலில் தண்ணீரில் கரைகிற உப்பு உண்டு. கை வியர்வையிலும் உப்பு. துணியால் துடைத்தால் வெள்ளை போகும், கிரிட் கொத்திய குழிகளுக்குள் இறங்கிய உப்பு போகாது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் உப்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். டேங்கில் இருப்பதோ உப்பே இல்லாத தண்ணீர். பெயிண்டுக்கு அடியில் உப்பு இருந்தால் தண்ணீர் அந்த உப்பைத் தேடிப் பெயிண்ட் வழியாகவே ஊறிப் போய்ச் சேர்ந்து பெயிண்டைத் தூக்கிவிடும். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அது மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன்.

"அப்ப ரேசியோ?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி அது.

பெயிண்ட் கம்பெனி ஆள் சாக்பீஸ் வட்டத்துக்குள் நகத்தை வைத்து அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். "ரேசியோவுல ஒரு குறையும் இல்ல" என்றார்.

சூப்பர்வைசர் என் மேல் பாய்ந்தார். "வெறுங்கையோட தொடக்கூடாதுன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கு? அறிவு இருக்காய்யா?" இன்ஜினியர்தான் அவர் தோளில் கை வைத்தார். "விடுங்க. டேங்குக்குப் போடச் சொன்னது நானு. பெருசா போடச் சொன்னது நீங்க. அவரு நல்லாத்தான் போட்டிருக்காரு." சூப்பர்வைசர் ஒரு எட்டு பின்னால் போனார். என் வேலையும் போகவில்லை.

அவர்கள் வெளியே போகும்போது பெயிண்ட் கம்பெனி ஆள் பிளேட்டுகளை எண்ணினார். முதல் பிளேட்டில் விளக்கை வைத்துப் பார்த்தார். அங்கே சுரண்டிய இடம் மட்டும்தான் இருந்தது. "இதுல அந்த மாதிரி இல்லையே. சும்மா ஒரு எடத்துல உரிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஏதோ எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒருநாளைக்குப் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட்ட மாதிரி என் வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் அண்ணனைத் தேடிப் போனேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அவருடைய மச்சான் கடையில் மல்லி எடை போட்டுக்கொண்டிருந்தார். மற்ற கடைகளில் கை நிறைய அள்ளிப் போட்டுத் தோராயமாக முடிப்பார்கள். இவர் கடைசியில் நாலு மொட்டை எடுப்பார், ரெண்டு மொட்டைப் போடுவார், எண் நேராக நிற்கிற வரை விடமாட்டார். கூட்டம் முனகிக்கொண்டு நின்றது.

"என்ன மாப்ள, மாலை வாங்கவா? யாருக்கு, ஒனக்கா?"

"இல்லண்ணே. ஒண்ணு சொல்லணும்."

"நீயா? சொல்லணுமா?" தராசிலிருந்து கையை எடுத்தார். "மச்சான், இதக் கொஞ்சம் பாத்துக்கய்யா. இவன் பேசப்போறானாம். நான் உக்காந்துதான் கேக்கணும்."

பூ மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப ரேசியோ?"

"சரிண்ணே. அந்த வட்டத்துக்குள்ள அமுக்கிப் பாத்துட்டு அவரே சொன்னாரு."

"சூப்பர்வைசர் கேட்டாரா?"

"பக்கத்துலதாண்ணே நின்னாரு."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துண்டை எடுக்கவில்லை. எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "எட்டு மாசம் தண்ணிக்குள்ள நின்னும் அழியல பாரு. நீ போட்ட பட்டை பட்டைடா. நம்ம பெயிண்டு தோத்துருச்சு மாப்ள, திருநீறு ஜெயிச்சிருச்சு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு, முதல் பிளேட்டைச் சுரண்டியதையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்லண்ணே. வாய் வரல."

"ரிப்போர்ட்டுல பதினொண்ணுன்னு எழுதிருவாங்களேடா. நாளைக்கு அதப் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி விடு. வாய் வரும்போது சொல்லு. மறந்துறாத" என்று எழுந்து தராசுக்குப் போய்விட்டார்.

திங்கள்கிழமை வேலைக்கு வந்தார். வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு பழைய இரும்பு பிளேட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். "டேங்குல பன்னண்டு பிளேட்டு. இது பதிமூணு. இனிமே பொட்டு வைக்கணும்னா இதுல வைங்க. இதுக்கு நான் பெயிண்டு கலக்க மாட்டேன்." நேற்று ஆயுத பூஜையில் நீங்கள் எல்லோரும் பொட்டு வைத்தீர்களே, ஸ்டோரில் மாட்டியிருக்கிற அந்தத் துருப்பிடித்த பிளேட், அதுதான். அதை நாங்கள் ஏன் பதிமூணு என்கிறோம் என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. அண்ணன் அதன் பிறகு பதினோரு வருடம் எங்களுக்குக் கலந்தார். அவர் கலந்ததில் ஒன்றுகூட மெழுகாகவில்லை. இப்போது மச்சான் கடையில் நிரந்தரமாக மல்லி நிறுக்கிறார், கூட்டம் இன்னும் முனகுகிறது.

பேச வாய் வருவதற்கு எனக்குப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அதுவும் வாயில் வரவில்லை, கையில்தான் வருகிறது. போன வாரம் நடந்தது ஒன்று என்னை உட்கார வைத்தது. சைட்டுக்குத் துணி மூட்டை இறக்க வந்திருந்தேன். உங்களில் ஒருவர் கிரிட் அடித்த பிளேட்டில் தெரியாமல் கையை ஊன்றிவிட்டார். இன்னொருவர் தைரியம் சொன்னார். "அட, ஒண்ணும் ஆகாது. நல்லா அழுத்தித் துடைச்சிரு. அந்த டேங்குல ஒரு பிளேட்டு தப்பிச்சுச்சுல்ல, அது மாதிரி இதுவும் தப்பிச்சிரும்."

தம்பி, தங்கச்சி, நோட்டில் எழுதியதை அடித்துவிடுங்கள். பன்னிரண்டையும் நான் ஒரே மாதிரிதான் துடைத்தேன். பன்னிரண்டிலும் கொப்புளம் வந்தது. அந்த ஒரு பிளேட் தப்பிக்கவில்லை. அதை நான் சுரண்டி மறைத்தேன். தொட்டுவிட்டால் பயப்படாதீர்கள், வெட்கப்படாதீர்கள், உடனே சொல்லுங்கள். நல்ல தண்ணீரால் கழுவி, காயவைத்து, அந்த இடத்தில் மறுபடி கிரிட் அடித்தால் அரை மணி நேர வேலை. சொல்லாமல் துடைத்தால் எட்டு மாதம் கழித்து வேறு ஒருவர் பெயரில் அது வெளியே வரும்.

மேடத்திடம் இந்த நோட்டைக் கொடுக்கும்போது, அந்தப் பழைய ரிப்போர்ட்டில் பதினொன்று என்று இருப்பதைப் பன்னிரண்டு என்று திருத்தச் சொல்லப்போகிறேன். அந்த இடத்தை விரலால் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்.

விஜயதசமி, வியாழக்கிழமை காலை.